6.5 கிரீட்மோர்: புதிய தோட்டா எட்டும் தூரம்

அமெரிக்க வேட்டைக்காரர்களிடையே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வாதம் ஓயாமல் நடந்துவருகிறது. 2007-ஆம் ஆண்டு அறிமுகமான 6.5 கிரீட்மோர் என்னும் ரைபிள் தோட்டா, அவர்களுடைய பாட்டன் காலத்திலிருந்து காடுகளில் புழங்கிவரும் .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு (1906), .270 வின்செஸ்டர் (1925), .308 வின்செஸ்டர் (1952) ஆகிய தோட்டாக்களை மிஞ்சிவிட்டதா என்பதே அந்த வாதம். குறி தவறாமல் சுடுவதற்கு உதவுவதில் அது மிஞ்சியிருக்கிறது. விலங்கைத் துன்பமின்றி வீழ்த்தும் வலிமையில் மிஞ்சவில்லை. இவ்விரண்டையும் ஒன்றென்று மயங்குவதால்தான் வாதமும் முடியாமல் நீள்கிறது, அந்த மயக்கத்தின் விலையை மான்களும் கொடுத்துவருகின்றன.

தோட்டா என்பது நான்கு பொருள்களின் கூட்டு: பித்தளை உறை, அதன் அடியில் பதித்த, மருந்தைப் பற்றவைக்கும் கேப், உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. கிரீட்மோர் தோட்டா ஒன்றை உள்ளங்கையில் கிடத்திப் பார்த்தால் அதன் மொத்த நீளம் ஏறத்தாழ 72 மில்லிமீட்டர். அதில் உறை மட்டும் 49 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எஞ்சிய நீளம் முழுவதும் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒல்லியான குண்டுக்கு உரியது. ஊசிபோலக் கூர்ந்த அதன் முனையும், உறையின் தோள்பகுதி கழுத்தை நோக்கி 30 பாகை சரிவில் சட்டென்று ஒடுங்குவதும் பழைய தோட்டாக்களோடு பழகிய கண்ணுக்கு உடனே தென்படும். பெயரில் 6.5 என்று இருந்தாலும் குண்டின் விட்டம் 6.7 மில்லிமீட்டர் ஆகும்; அந்தப் பெயர் குழலின் உட்பள்ளங்களைக் கணக்கில் கொள்ளாத அளவைக் குறிப்பது. கிரீட்மோர் என்பதோ நியூயார்க்கின் லாங் தீவில் 1873-இல் திறக்கப்பட்ட துப்பாக்கிப் பயிற்சிக் களத்தின் பெயர். அடுத்த ஆண்டே அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் தொலைதூரப் போட்டியில் மோதியது அங்கேதான். இந்தத் தோட்டா பெயரால் மட்டுமன்றி நோக்கத்தாலும் இலக்குப் பலகையைச் சுடுவதற்குப் பிறந்தது, காட்டுக்கு அது பின்னால் வந்தது என்பதை மறந்துவிடலாகாது.

6.5 மில்லிமீட்டர் என்னும் அளவு புதிதன்று. ஸ்வீடனும் நார்வேயும் ஒரே முடியின் கீழ் இருந்தபோது கூட்டாக வகுத்து 1894-இல் ஏற்றுக்கொண்ட 6.5×55 என்னும் ராணுவத் தோட்டா இதே விட்டமுள்ள குண்டையே செலுத்தியது. ஸ்காண்டிநேவியக் காடுகளில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானினத்தை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வீழ்த்திவருவதும் அதுவே. 1997-இல் அமெரிக்காவில் வெளிவந்த .260 ரெமிங்டன், .308-இன் உறையைக் கழுத்தில் ஒடுக்கி அதே 6.5 குண்டைப் பொருத்தியதுதான். அது கிரீட்மோர் பெற்ற வரவேற்பைப் பெறாததற்குக் காரணம் வலிமைக் குறைவு அன்று. அதன் உறை கிரீட்மோரைவிட ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம் என்பதால், நீண்ட குண்டைப் பொருத்தினால் தோட்டா குட்டை மேகசினுக்குள் அடங்க மறுத்தது, அடங்கும்படி குண்டை உள்ளே அழுத்தினால் வெடிமருந்துக்கு இடம் குறைந்தது. மேலும் அதற்கான பல துப்பாக்கிகளின் குழல்வரிகள், அதாவது குண்டைச் சுழலவிடுவதற்காகக் குழலின் உட்புறம் செதுக்கிய திருகு வரிகள், 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று அமைந்திருந்தன. குண்டு நீளமாக ஆக ஆக அது தள்ளாடாமல் பறக்க இன்னும் விரைந்த சுழற்சி தேவை. கிரீட்மோரை வகுத்தவர்கள் உறையைக் குட்டையாக்கி, 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதைத் தொடக்கத்திலேயே வழக்கமாக்கி, போட்டித் தரமுள்ள தோட்டாவைச் சாதாரணக் கடையிலேயே வாங்கும்படி செய்தார்கள். அளவுகளைச் சீராகப் பொருத்திய அந்தக் கைத்திறன் மனமாரப் பாராட்டத்தக்கது. ஆயினும் அதனால் வெடிமருந்துக்கு இல்லாத வலிமை எதுவும் வந்துவிடவில்லை.

எண்களைப் பார்த்தால் இது விளங்கும். வேட்டைக்கென விற்கப்படும் 9.3 கிராம் கிரீட்மோர் குண்டு குழல்வாயிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 823 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது, அதன் ஆற்றல் 3,140 ஜூல். அதே வகையான 11.5 கிராம் குண்டை .308 விநாடிக்கு 792 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது, ஆற்றல் 3,620 ஜூல். அதே 11.5 கிராம் குண்டுக்கு .30-06 தருவதோ 4,000 ஜூலுக்கும் மேல். புறப்படும் இடத்தில் பழையவைதாம் வலியவை. வழியில் நிலை மாறுவதற்குக் காரணம் பறப்புக் கெழு என்று சொல்லத்தக்க ஒரு பண்பு. ஒரு குண்டு காற்றின் தடையை எவ்வளவு எளிதில் ஊடுருவிச் செல்கிறது என்பதை அந்த எண் காட்டும். ஒல்லியும் நீளமுமான கிரீட்மோர் குண்டுக்கு அது அதிகம் என்பதால் அது வேகத்தை மெதுவாகவே இழக்கிறது, தொலைவு கூடக் கூட .308-இன் ஆற்றலை நெருங்கிவருகிறது. ஆனால் 200 கெஜத்துக்குக் குறி பொருத்திய துப்பாக்கியால் 300 கெஜத்தில் சுட்டால், இரண்டு குண்டுகளும் தாழும் அளவில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஓர் அங்குலம், மிதமான காற்றில் ஒதுங்கும் அளவில் உள்ள வேறுபாடும் அவ்வளவே. 1925-இல் வந்த .270-இன் இலகுவான குண்டு அந்தத் தொலைவில் கிரீட்மோரைவிடக் குறைவாகத்தான் தாழ்கிறது. பெரும்பாலான மான்கள் சுடப்படுவது இந்த எல்லைக்கு உட்பட்டே என்பதால், காட்டில் நிற்கும் மானுக்கு நூறாண்டுப் பழமையும் புதுமையும் ஒன்றுதான்.

புதிய தோட்டாவின் உண்மையான வெற்றி பின்னுதைப்பில் இருக்கிறது. குண்டு முன்னே பாயும்போது துப்பாக்கிக் கட்டை தோளைப் பின்னே தள்ளும் விசைக்குப் பின்னுதைப்பு என்று பெயர், கிரீட்மோரில் அது .308-ஐவிடத் தெளிவாகக் குறைவு, .30-06-ஐவிட மிகவும் குறைவு. தோளில் வலி விழும் என்று எதிர்பார்க்கும் உடல், விசையை இழுக்கும் கணத்தில் தன்னையறியாமல் கூசிச் சுருங்குகிறது, கண் மூடிக்கொள்கிறது, குழல் ஒரு மயிரிழை அசைகிறது. அந்தக் கூச்சம் இல்லாதவர் நன்றாகச் சுடுகிறார், அதிகம் பயிற்சி செய்கிறார். இளையோரும் மெலிந்த உடல்வாகு உள்ளோரும் இந்தத் தோட்டாவை விரும்புவதில் முழு நியாயம் உண்டு. இந்த நன்மையும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1890-களில் தோன்றிய 7×57 மௌசர் என்னும் மென்மையான தோட்டாவால் ஆப்பிரிக்காவில் யானைகளே வீழ்த்தப்பட்டன, அதே தோட்டா .275 என்ற பெயரில் குமாவோன் மலைகளின் ஆட்கொல்லிப் புலிகளையும் வீழ்த்தியது. அவற்றைச் சாய்த்தது தோட்டாவின் பருமன் அன்று. அருகே சென்று, உயிர்நிலை இருக்கும் இடமறிந்து, அங்கே குண்டைப் பதித்த கை.

கவலைக்குரிய இடம் இங்கேதான் தொடங்குகிறது. 2018-ஐ ஒட்டி அமெரிக்கச் சிறப்புப் படையினர் இந்தத் தோட்டாவைத் தேர்ந்தபோது, 1,000 மீட்டரில் இலக்கைத் தாக்கும் வாய்ப்பு பழைய 7.62 மில்லிமீட்டர் ராணுவத் தோட்டாவைவிட இருமடங்கு என்ற செய்தி பரவியது. போர்க்களத்துக்கான அந்தக் கணக்கு வேட்டைப் பேச்சுக்குள் புகுந்ததும், 200 மீட்டரில் நின்று சுட்டுவந்தவர்களுக்கு 600 மீட்டர் என்பது இயல்பான தொலைவாகத் தோன்றலாயிற்று. அதைவிடச் சற்றுக் குறைந்த 600 கெஜத் தொலைவில், அதாவது ஏறத்தாழ 550 மீட்டரில், என்ன நடக்கிறது என்பதை நிதானமாகக் கணக்கிட வேண்டும். ஒரு வெள்ளைவால் மானின் நெஞ்சுக்கூட்டில் நுரையீரலும் இதயமும் அடங்கிய, குண்டு பட்டால் விரைந்து உயிர் பிரியும் பகுதியின் குறுக்களவு 20 சென்டிமீட்டர்தான். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 10 சென்டிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. காற்றின் வேகத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் அளவுக்குத் தவறாக மதிப்பிட்டால் .308 குண்டு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் ஒதுங்கும், கிரீட்மோர் குண்டு ஏறத்தாழ 26 சென்டிமீட்டர் ஒதுங்கும். புதியது சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டுமே நெஞ்சைத் தவறவிட்டுவிட்டன. பள்ளத்தாக்கின் குறுக்கே சுடும்போது காற்று இந்தக் கரையில் ஒருவிதமாகவும் நடுவில் வேறாகவும் வீசும் என்பதால், அந்த அளவுக்குப் பிழை செய்வது தேர்ந்தவர்களுக்கும் நேரக்கூடியதே.

காற்றைச் சரியாகக் கணித்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். அத்தொலைவைக் கடக்கக் கிரீட்மோர் குண்டுக்கு ஏறத்தாழ 0.8 விநாடி ஆகிறது. விசையை இழுத்த கணத்தில் அசையாமல் நின்ற மான், அடுத்த புல்கொத்தை நோக்கி ஒரே ஓர் அடி எடுத்துவைக்க அந்த நேரம் தாராளமாகப் போதும். நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு அப்போது இரைப்பையில் பாய்கிறது. அப்படிப்பட்ட மான் அங்கேயே விழுவதில்லை. முதுகை வளைத்துக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் சென்று படுக்கிறது, பல மணி நேரம் உயிரோடு கிடக்கிறது. அனுபவமுள்ள வேட்டைக்காரர்கள் வயிற்றில் அடிபட்ட மானை உடனே தேடிச் செல்லாமல் எட்டு மணி நேரம், சில வேளைகளில் இரவு முழுவதும் காத்திருப்பது வழக்கம். துரத்தினால் அது எழுந்து இன்னும் தொலைவு ஓடிவிடும். சுட்டவரோ அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார். மான் நின்ற சரியான இடத்தைக் கண்டறிந்து, அங்கே சிந்திய முதல் துளி இரத்தத்தைத் தேடுவதற்கே நேரம் கரைந்துவிடும்.

பலரும் எண்ணிப்பாராத இன்னொரு கணக்கும் உண்டு. வேட்டைக் குண்டு உடலுக்குள் சென்றதும் முனை மலர்ந்து, காளான்போல் விரிந்து, அகன்ற காயம் உண்டாக்கும்படி செய்யப்பட்டது. அது மலர்வதற்குக் குறைந்தபட்ச வேகம் ஒன்று தேவை, பல குண்டுகளுக்கு அது விநாடிக்கு 550 மீட்டரளவு. கிரீட்மோர் குண்டு 650 மீட்டர் தொலைவை எட்டும்போது அந்த விளிம்புக்கு வந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அது பென்சில் துளைபோல ஊடுருவிச் செல்லும், விலங்கு ஓடிக்கொண்டே இருக்கும். எல்க் போன்ற பெரிய மானினத்துக்கு 1,500 அடி-பவுண்டு ஆற்றலாவது வேண்டும் என்பது வேட்டைக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் அளவுகோல். கிரீட்மோர் அதை 400 கெஜத்துக்கு முன்பே இழந்துவிடுகிறது, .30-06 அதற்கப்பாலும் தாங்குகிறது. எட்டும் தொலைவும் கொல்லும் தொலைவும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தொலைவளக்கும் லேசர் கருவியும் கணிப்புச் செயலியும் கைவசம் இருக்க, 600 மீட்டர் பலகையை நாள்தோறும் தவறாமல் அடிப்பவர்கள் ஏன் தயங்க வேண்டும் என்று கேட்போரும் உண்டு. பலகை நகர்வதில்லை என்பதே அவர்களுக்குரிய விடை. சட்டமும் இந்த இடத்தில் துணைக்கு வருவதில்லை. கொலராடோ மாநிலத்தில் பெரிய விலங்குகளைச் சுடும் குண்டு குறைந்தது .24 அங்குல விட்டம் உடையதாகவும் 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல் உடையதாகவும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அது தோட்டாவை அளக்கிறதே தவிர, சுடுபவருக்கும் விலங்குக்கும் இடையிலுள்ள தொலைவை அளப்பதில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு முழுவதும் விசையில் விரல் வைத்திருப்பவரின் மனச்சான்றில் வந்து நிற்கிறது. நெடுந்தொலைவுத் திறனைப் புகழ்ந்தே விற்கப்படும் தோட்டா அந்த மனச்சான்றைத் தளர்த்துகிறது என்பதே இந்தப் புதுமையின் மீது வைக்கத்தக்க பெருங்குறை.

வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி எளிது. வீட்டில் ஏற்கெனவே .308 அல்லது .30-06 இருந்து, அதன் உதைப்பு தோளுக்குத் தொல்லையாகவும் இல்லையென்றால், 300 மீட்டருக்குள் மான் வேட்டைக்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கும் உதைப்புக்கு அஞ்சுபவருக்கும் கிரீட்மோர் மிக நல்ல தேர்வு, அந்த 300 மீட்டர் எல்லையை அவரும் மதிக்கும் வரையில். அதே 6.5 குண்டோடு தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடிவரும் ஸ்வீடனில், பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் கேட்பவர் நிற்கும் மூஸ் உருவையும் ஓடும் மூஸ் உருவையும் சுட்டுக் காட்ட வேண்டும். அந்தத் தேர்வில் இலக்கு வைக்கப்பட்டிருக்கும் தொலைவு 80 மீட்டர்.