தீவகமும் மருத்துவமும் – 14: கடல் கடந்து வீடு போகும் தலையிடி

முள்ளந்தண்டு நீரை ஏன் எடுக்கிறார்கள் என்று சென்ற வாரம் பார்த்தோம். மூளை உறையில் கிருமி தொற்றியிருக்கிறதா என்று அறிய அந்தச் சில மில்லிலீற்றர் நீர் வேண்டும். அதற்காக முதுகில் ஊசி குத்தி, துண்டு வெட்டி, வீடு வந்த பிறகு நடப்பதை இந்த வாரம் பார்ப்போம்.

தீவகத்தாருக்கு இதைத் தனியாகவே சொல்லவேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து ஊர்காவற்றுறைக்குத் தரைவழி உண்டு. நெடுந்தீவுக்காரர் குறிகட்டுவானில் இறங்கி, ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் படகில் போகவேண்டும். நயினாதீவுக்கும் கடல்தான் வழி. ஊசியால் வரும் தலையிடியோ பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தொடங்கும். அப்போது நோயாளி தீவில் இருப்பார்.

இந்தத் தலையிடியை அடையாளம் காண்பது எளிது. எழுந்து இருந்தால் இடிக்கும்; படுத்தால் தணியும். ஊசி போன துளை வழியே நீர் கசிந்து, மூளையைத் தாங்கும் அழுத்தம் குறைவதே காரணம். கழுத்து இறுகலாம், ஓங்காளம் வரலாம், காது அடைக்கலாம். 1898இல் ஜேர்மனியின் கீல் நகரில் ஓகஸ்ட் பியர் என்ற சத்திரசிகிச்சை மருத்துவர் தன் முதுகிலேயே ஊசி குத்துவித்துப் பார்த்தார். ஒன்பது நாள் தலையிடியோடு கிடந்தார். படுத்தால்தான் அவருக்குச் சுகம். அவர் எழுதிவைத்த அறிகுறிகளையே இன்றும் மருத்துவர்கள் தேடுகிறார்கள்.

எடுத்த நீர் திரும்ப ஊறாது என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. வளர்ந்தவரின் உடலில் இந்த நீர் சுமார் 150 மில்லிலீற்றர் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கிறது. துளையும் தானாக மூடிக்கொள்ளும். பெரும்பாலானோருக்கு ஓரிரு வாரத்துக்குள் தலையிடி விட்டுவிடும். ஊசி குத்திய இடத்தில் சில நாள் நாரி நோவும் இருக்கும்.

தலையிடி வந்தால் படுத்திருங்கள், தண்ணீர் குடியுங்கள், மருத்துவர் சொன்ன அளவில் பனடோல் எடுங்கள். கோப்பி சிலருக்குச் சற்று ஆறுதல் தரும். குடம் தூக்குவதையும் வலை இழுப்பதையும் சில நாள் மற்றவர்களிடம் விடுங்கள். ஆனால் தலையிடி வராமல் தடுக்கவென்று மணிக்கணக்காக மல்லாந்து கிடப்பதால் பயன் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஊசி மெல்லியதாகவும் முனை மழுங்கியதாகவும் இருந்தால்தான் ஆபத்துக் குறையும். தாங்கமுடியாமல் நீடித்தால், நோயாளியின் கையிலிருந்தே சுமார் 20 மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, துளைக்கு அருகே செலுத்தி அடைக்கும் சிகிச்சை உண்டு. சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட தாய்மாருக்கும் இவை அனைத்தும் பொருந்தும்.

காய்ச்சல், படுத்தாலும் தணியாத தலையிடி, பார்வை இரண்டாகத் தெரிதல், கால் விறைத்தல் அல்லது பலம் குறைதல், சலம் போகாமை, குத்திய இடத்தில் நீர் அல்லது இரத்தம் வடிதல், வலிப்பு, நினைவு தடுமாறுதல்: இவற்றில் ஒன்று கண்டாலும் காலைப் படகுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த இரவே உங்கள் தீவின் வைத்தியசாலைக்குப் போய், முதுகில் ஊசி போட்டதை முதலில் சொல்லுங்கள்.

வார்டில் இருக்கும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் ஒரு வேண்டுகோள். துண்டு வெட்டும்போது ஊரைக் கேளுங்கள். தீவு என்றால், இந்த அறிகுறிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

(தொடரும்)