ஒவ்வாமையும் உறுப்பு மாற்றும்

நபித்தோழர் அர்ஃபஜா பின் அஸ்அத் (ரலி) அவர்கள் இஸ்லாத்திற்கு முந்திய காலத்தில் நடைபெற்ற குலாப் போரில் தம் மூக்கை இழந்தார்கள். வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக்கொண்டார்கள். அது நாற்றமெடுத்துத் துன்பம் தந்தது. பொன்னால் செய்து அணிந்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய ஹதீஸ் நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும், தேவை கருதி அது ஆகுமாக்கப்பட்டதற்குச் சான்றாக ஃபிக்ஹு அறிஞர்கள் இதனை எடுத்தாள்வர். அந்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்ததை இன்றைய மருத்துவம் கூறும் ஒவ்வாமை என்று நாம் கொள்ள வேண்டியதில்லை. எனினும், உடலோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது எது ஒவ்வும், எது ஒவ்வாது என்னும் கேள்வி எவ்வளவு பழமையானது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

அக்கேள்வி இன்று புதிய வடிவில் நம் வீடுகளுக்கு வந்திருக்கிறது. கத்தரிக்காய் தின்று உடல் அரித்தாலும் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறோம். மாற்றிப் பொருத்திய சிறுநீரகம் பழுதுபட்டாலும் ‘உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறோம். ஒரே சொல் இருவேறு நிகழ்ச்சிகளுக்கு வழங்குவதால் ஐயங்கள் பல எழுகின்றன. ஒவ்வாமை உடையவர் மாற்று உறுப்புப் பெறலாமா? ஒவ்வாமையால் இறந்தவரின் உறுப்பு பிறருக்குப் பயன்படுமா? கொடுப்பவரின் ஒவ்வாமை பெறுபவருக்குச் செல்லுமா? இவற்றுக்கு மருத்துவம் கண்டுள்ள விடைகளை இக்கட்டுரையில் தொகுத்துக் காண்போம்.

விரைவும் தாமதமும்

வசந்த காலத்தில் ரோஜா மலரை முகர்ந்தால் அபூ ஸைத் அல்பல்கீ என்னும் அறிஞருக்கு மூக்கில் நீர் வடிவது ஏன் என்று ஆராய்ந்து, மருத்துவ மேதை அர்ராஸீ (கி.பி. 865–925) தனியொரு சிறுநூலே எழுதினார். நோய் அறியப்பட்டிருந்தது, அதற்குப் பொதுப்பெயர் மட்டும் அன்று இல்லை. ‘அலர்ஜி’ என்ற சொல்லை 1906-இல் படைத்தவர் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே. ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல், மறுமுறை அதனைச் சந்திக்கும்போது மாறுபட்டு எதிர்வினை புரிகிறது என்பதே அவர் கருத்து. மறுநாள்முதல் பகைமை பாராட்டும் உடலின் நினைவாற்றலைத்தான் அவர் அச்சொல்லால் குறித்தார்.

இந்த எதிர்வினையில் முதன்மையாக இரு வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும். முதல் வகை விரைவானது. இறால், நிலக்கடலை, பெனிசிலின் போன்றவை சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தடிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். இதற்குக் காரணம் ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்பொருள். 1960-களின் பிற்பகுதியில் இஷிஸாக்கா தம்பதியரும், ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தனர். மாஸ்ட் அணுக்களின் மேல் இது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். உரிய பொருள் வந்து சேர்ந்ததும் அவ்வணுக்கள் ஹிஸ்டமினை வெளியிடும்.

இரண்டாம் வகை தாமதமானது. இதனை நடத்துவன எதிர்ப்பொருள்கள் அல்ல. டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள். இதனை விளங்கிக்கொள்ளத் தென்சென்னையின் அஸ்தினாபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களே போதும். அடுத்துள்ள குரோம்பேட்டைக்கு அப்பெயர் வந்தது அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால். பல்லாவரம் முதல் ஆம்பூர், வாணியம்பாடி வரை நம் சமுதாயத்தவர் பலர் ஈடுபட்டு வந்த தோல் பதனிடும் தொழிலில் குரோமிய உப்புகள் பயன்படுகின்றன. அவற்றைக் கையாள்வோரில் சிலருக்குக் கைகளில் தோலழற்சி உண்டாகும். சிமெண்டிலும் குரோமியம் இருப்பதால் கொத்தனார்களுக்கும் இது வருவதுண்டு. பொருள் பட்டவுடன் இது தோன்றாது. ஓரிரு நாள் கழித்தே தலைகாட்டும்.

சற்றுத் தெற்கே தாம்பரம் சானடோரியம். காசநோயாளிகளுக்காக 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து நிறுவிய மருத்துவமனையால் பெயர் பெற்ற பகுதி அது. காசநோய்க் கிருமி உடலில் புகுந்துள்ளதா என்றறியத் தோலில் ஊசி போட்டு, 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளந்து பார்ப்பது வழக்கம். இதுவும் டி அணுக்களின் நினைவை அளக்கும் சோதனையே. இச்சோதனையின் முதல் வடிவத்தை 1907-இல் அளித்தவரும் ‘அலர்ஜி’ என்ற சொல்லைப் படைத்த அதே பிர்க்கேதான்.

மறுப்பு எவ்வகையைச் சேர்ந்தது?

மாற்றுறுப்பை உடல் மறுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையோடு உறவுடையது. இரண்டாம் உலகப் போரின்போது, தீக்காயமுற்றோருக்குப் பிறர் தோலை ஒட்டும் முயற்சியை பீட்டர் மெடாவர் ஆராய்ந்தார். முதன்முறை ஒட்டிய தோல் சில நாள் தங்கி உதிர்ந்தது. அதே கொடையாளியின் தோலை மீண்டும் ஒட்டியபோது அது இன்னும் விரைவாக உதிர்ந்தது. உடல் முதல் சந்திப்பை நினைவில் வைத்திருந்தது என்பதற்கு இதுவே சான்று. இத்துறை ஆய்வுகளுக்காக 1960-இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1954-இல் பாஸ்டனில் ஜோசஃப் மர்ரே செய்த சிறுநீரக மாற்று வெற்றி பெற்றதற்குக் காரணம், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரு கருவில் உதித்த இரட்டையர் என்பதே. அவ்வுடல்களுக்கிடையே அந்நியம் என்பதே இல்லை. மறுப்பைத் தணிக்கும் மருந்துகள் வந்த பின்னரே பிறரிடமிருந்து உறுப்புப் பெறுவது இயல்வதாயிற்று. நம் மாநிலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 1971-இல் சிறுநீரக மாற்றில் வெற்றி கண்டது.

ஆக, உணவு ஒவ்வாமையும் உறுப்பு மறுப்பும் ஒன்றல்ல. உணவு ஒவ்வாமையில் உடல் தீங்கற்ற ஒரு பொருளைப் பகையெனக் கருதுகிறது. அதன் கருவி ஐ.ஜி.ஈ. உறுப்பு மறுப்பில் உடல் பிறர் திசுவைப் பிறர் திசு என்று சரியாகவே இனங்காண்கிறது. அதன் கருவிகள் டி அணுக்களும் வேறு வகை எதிர்ப்பொருள்களும். எனவே இறால் ஒவ்வாதவருக்குச் சிறுநீரகமும் ஒவ்வாது என்று அஞ்சுவதற்கு இடமில்லை. ஒவ்வாமை உடையவர் என்பதனாலேயே ஒருவர் உறுப்புப் பெறும் தகுதியை இழப்பதில்லை.

உறுப்போடு வரும் நினைவு

மூன்றாம் ஐயத்திற்கு வருவோம். ஒருவரின் ஒவ்வாமை மற்றொருவருக்குச் செல்லுமா? செல்லும் என்பதற்கு நூறாண்டுச் சான்று உண்டு. 1919-இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார். இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவர், சில நாள் கழித்துக் குதிரை வண்டியில் ஏறியதும் ஆஸ்துமாவால் மூச்சுத் திணறினார். முன்பு அவருக்கு அந்நோய் இல்லை. இரத்தம் கொடுத்தவர் குதிரை ஒவ்வாதவர் என்பது பின்னர் தெரியவந்தது. 1921-இல் ஜெர்மானிய மருத்துவர் பிரவுஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் நண்பர் கூஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலில் செலுத்திக்கொண்டு, பின் அவ்விடத்தில் மீன் சாற்றைச் செலுத்தித் தடிப்பு எழக் கண்டார்.

இரத்தநீரோடு வரும் ஒவ்வாமை சில வாரங்களில் மறையும். உறுப்போடு வருவது வேறு. 1997-இல் ஃபிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் வெளியிட்ட செய்தி உலகின் கவனத்தை ஈர்த்தது. நிலக்கடலை ஒவ்வாமையால் இறந்த இளைஞர் ஒருவரின் கல்லீரலையும் ஒரு சிறுநீரகத்தையும் பெற்றவருக்கு, பின்னர் நிலக்கடலை உண்டபோது ஒவ்வாமை தோன்றியது. அதே கொடையாளியின் மற்றொரு சிறுநீரகத்தையும் கணையத்தையும் பெற்ற பெண்மணிக்கு எதுவும் நேரவில்லை. 2003-இல் ஆஸ்திரேலியாவிலிருந்தும் இதை ஒத்த செய்தி வந்தது. நிலக்கடலையால் இறந்த சிறுவனின் கல்லீரலைப் பெற்ற முதியவர், நான்கு வாரங்களுக்குள் முந்திரிப் பருப்பு உண்டு கடும் ஒவ்வாமைக்கு ஆளானார். அச்சிறுவனின் பிற உறுப்புகளைப் பெற்றோர் நலமாயிருந்தனர்.

கல்லீரலுக்கு மட்டும் ஏன் இந்த நிலை? சிறுநீரகத்தைவிடக் கல்லீரல் தன்னுள் கொடையாளியின் வெள்ளணுக்களை மிகுதியாகக் கொண்டுவருகிறது. அவற்றுள் ஐ.ஜி.ஈ.யை உண்டாக்கும் அணுக்களும் உண்டு. அவை புதிய உடலில் குடியேறித் தம் பழைய நினைவைத் தொடர்கின்றன. நுரையீரலில் மற்றொரு வகைச் சான்று கிடைத்தது. ஆஸ்துமா உடையோரின் நுரையீரலைப் பெற்றவர்களுக்கு ஆஸ்துமா வந்ததையும், நலமான நுரையீரலைப் பெற்ற ஆஸ்துமாக்காரர்களுக்கு அது வராததையும் 1993-இல் ஆங்கிலேய மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

இக்கருத்தைத் தெளிவாக மெய்ப்பிப்பது எலும்பு மஜ்ஜை மாற்று. நோய் எதிர்ப்பாற்றலின் ஊற்றே மஜ்ஜை ஆதலால், ஒவ்வாமை உடையவரின் மஜ்ஜையைப் பெற்றவர் அவ்வொவ்வாமையையும் பெறுவதுண்டு என 1988-இல் அறியப்பட்டது. மறுதலையாக, வேறொரு நோய்க்காக நலமானவரின் மஜ்ஜையைப் பெற்ற குழந்தைக்கு முன்பிருந்த நிலக்கடலை ஒவ்வாமை நீங்கியதும் உண்டு.

மருந்தின் இரு முகங்கள்

கொடையாளிக்கு எந்த ஒவ்வாமையும் இல்லாதபோதும், கல்லீரல் பெற்ற குழந்தைகளுக்குப் புதிதாகப் பால், முட்டை முதலியவை ஒவ்வாமற்போவதைப் பல நாட்டு மருத்துவர்கள் கண்டுள்ளனர். இதில் டாக்ரோலிமஸ் என்னும் மருந்துக்குப் பங்குண்டு என்று கருதப்படுகிறது. ஜப்பானிய மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து 1984-இல் கண்டறியப்பட்ட இம்மருந்து, உறுப்பு மறுப்பைத் தடுப்பதில் வல்லது. களிம்பாகத் தடவினால் ஒவ்வாமைத் தோல்நோயைத் தணிக்கும். உள்ளே உட்கொள்ளும்போதோ, மறுப்பை நடத்தும் அணுக்களை அடக்கும் அளவுக்கு ஒவ்வாமையைத் தூண்டும் அணுக்களை அடக்குவதில்லை. குடலின் காப்பையும் சற்றுத் தளர்த்துகிறது. உணவுப் புரதங்களை இனிமேல்தான் பழகிக்கொள்ள வேண்டிய இளங்குழந்தைகளிடம் இவ்விளைவு மிகுதி.

இச்செய்தி தமிழக மக்களுக்கு நெருக்கமானது. மயிலாடுதுறைப் பகுதியில் கிளியனூரில் பிறந்த டாக்டர் முகம்மது ரேலா, 1997-இல் லண்டனில், பிறந்து ஐந்தே நாளான குழந்தைக்குக் கல்லீரல் மாற்று செய்து உலகப் புகழ் பெற்றார். அவர் பெயரிலான மருத்துவமனை 2018 முதல் குரோம்பேட்டையில் இயங்கி வருகிறது. குழந்தைகளின் கல்லீரல் மாற்று இன்று அஸ்தினாபுரத்துக்கு அண்மையிலேயே நடைபெறும் சிகிச்சை. அத்தகைய குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரும் பெற்றோர், புதிய உணவு கொடுத்தபின் தோன்றும் தடிப்பு, வாந்தி, இருமல் ஆகியவற்றைச் சாதாரணமாகக் கருதாமல் மருத்துவரிடம் தெரிவிப்பது கடமையாகும்.

விலங்கின் உறுப்பு

பாலூட்டிகள் பலவற்றின் திசுக்களில் ஆல்ஃபா-கால் எனும் ஒருவகைச் சர்க்கரை உண்டு. மனிதனிடம் அது இல்லை. அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நம் அனைவரிடமும் இருப்பதால், பன்றியின் உறுப்பைப் பொருத்தினால் உடல் அதனை உடனே அழிக்கத் தொடங்கும். உண்ணி கடித்தபின் சிலருக்கு இதே சர்க்கரைக்கு ஐ.ஜி.ஈ. உண்டாகி, ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் ஒவ்வாமற்போகின்றன. மறுப்பும் ஒவ்வாமையும் ஒரே பொருளில் சந்திக்கும் இடம் இது. அத்தகையோருக்கு மாடு, பன்றி ஆகியவற்றின் திசுவால் ஆன இதய வால்வுகளும் இடர் தரலாம். மரபணு மாற்றி இச்சர்க்கரையை நீக்கிய பன்றியின் இதயம் 2022 ஜனவரியில் அமெரிக்காவின் பால்டிமோரில் மனிதருக்கு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவருள் ஒருவர் டாக்டர் முகம்மது முஹியித்தீன். நோயாளி இரண்டு மாதம் உயிர் வாழ்ந்தார். பன்றியின் உறுப்பு பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்குரியது; நிர்ப்பந்த நிலை பற்றிய சட்டவிதியே அவ்விவாதத்தின் மையம்.

அமானிதம்

மனித உறுப்புக் கொடை குறித்து ஆலிம்களிடையே இருவேறு கருத்துகள் உண்டு. முஃப்தி முகம்மது ஷஃபீ (ரஹ்) போன்றோர் மனித உடலின் கண்ணியம் கருதி அதனை ஏற்கவில்லை. ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹு அகாதமி 1988-இல் நிபந்தனைகளுடன் அனுமதித்தது. ஏற்காதோரும் ஏற்போரும் உடல் இறைவனின் அமானிதம் என்பதில் ஒன்றுபடுகின்றனர்.

தமிழகத்தில் 2008-ஆம் ஆண்டு முதல் மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பகிர்ந்தளிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அத்துயர வேளையில் ஒப்புதல் கேட்கப்படும் குடும்பத்தாரிடம், இறந்தவருக்கு இருந்த நோய்களும் கேட்கப்படும். ஆஸ்துமா, உணவு ஒவ்வாமை, மருந்து ஒவ்வாமை ஆகியவற்றைச் சொன்னால் கொடை மறுக்கப்படுமோ என்றெண்ணிச் சிலர் மறைத்துவிடக்கூடும். ஒவ்வாமையால் இறந்தவரின் உறுப்புகளும் பிறரை வாழவைத்திருக்கின்றன என்பதை மேலே கண்டோம். சொன்னால் கொடை வீணாகாது. சொல்லாவிட்டால்தான் பெறுபவர் ஒருபிடி கடலையால் உயிரிழக்க நேரிடும். பெறுபவரும் தமக்குள்ள ஒவ்வாமைகளை மறைத்தலாகாது. மறுப்பைத் தடுக்க முயல், குதிரை ஆகியவற்றின் குருதியிலிருந்து எடுத்த மருந்துகளும் செலுத்தப்படுவதால், அவற்றை ஒவ்வாதோர் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

கொடுப்பது எதுவாயினும் அதன் குறையை மறைக்காமல் எடுத்துரைத்துக் கொடுக்கும்படி நம் மார்க்கம் வணிகத்திலேயே கற்பித்திருக்கிறது. உயிர் காக்கும் கொடையில் அந்நெறி இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அல்லாஹ் மிக அறிந்தவன்.