மிக்ஸி மிச்சம் பிடித்த நேரம் எங்கே போயிற்று?

பம்பாயில் சீமென்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற எஞ்சினீயரின் வீட்டில், ஜெர்மனியிலிருந்து வந்த பிரவுன் மிக்ஸி ஒன்று பழுதாகிப் போயிற்று. ஐரோப்பியச் சமையலுக்கென்று செய்த இயந்திரம் அது. நம் ஊர் அரிசி உளுந்தையும் காய்ந்த மசாலாவையும் கொட்டினால் தாங்குமா? மனைவி மாதுரியின் சமையலுக்கு ஈடு கொடுக்கும் மோட்டாரை மாத்தூர் தாமே உருவாக்கினார். 1963-இல் 'சுமீத்' மிக்ஸி பிறந்த கதை இது. அம்மி பால்கனி மூலைக்குப் போயிற்று. கோயமுத்தூர் கிரைண்டர் வந்து ஆட்டுக்கல்லுக்கும் ஓய்வு கொடுத்தது.

இயந்திரத்தோடு பழகியவன் என்பதால் இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு கணக்கு மட்டும் உதைக்கிறது. விறகுக்குப் பதில் காஸ், பருப்புக்குக் குக்கர், துணிக்கு வாஷிங் மெஷின் என்று வந்த பிறகு, மிச்சமான மணி நேரமெல்லாம் தாய்மாரின் கையில் அல்லவா சேர்ந்திருக்க வேண்டும்? மத்திய அரசு 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது சராசரியாக நாளொன்றுக்கு 289 நிமிஷம். ஆண்கள் 88 நிமிஷம். அதுவும் வேலையில் கை வைக்கும் ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் அதில் சேரவில்லை. 2019-இல் இதே கணக்கு 299-க்கு 97 என்றிருந்தது. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்தது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்துவிட்டது!

அப்படியானால் இயந்திரங்களால் பயனில்லையா? உண்டு. இடுப்பு வலியும் புகையும் குறைந்தன. ஆனால் எந்த இயந்திரமும் தொடாத ஒரு வேலை வீட்டில் இருக்கிறது. அதை விளக்க எங்கள் ரயில்வேயிலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன்.

செக்ஷன் கண்ட்ரோலர் என்று ஒருவர் உண்டு. அவர் வண்டி ஓட்டுவதில்லை, கொடி காட்டுவதில்லை. எந்த வண்டியை எங்கே ஒதுக்கி நிறுத்துவது, எதை முன்னே விடுவது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே முடிவு செய்பவர் அவர். மூளைக்கு ஓய்வில்லாத வேலை என்பதால் அவருக்கு ஆறு மணி நேர ஷிப்ட்தான். அடுத்தவர் வந்து, சார்ட்டைப் பார்த்து, எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு பொறுப்பேற்ற பிறகே இவர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

வீட்டில் அம்மா பார்ப்பது இதே உத்தியோகம். குழந்தைக்குத் தடுப்பூசி என்றைக்கு, காஸ் புக் செய்தாயிற்றா, மாமனாரின் சர்க்கரை மாத்திரை எத்தனை பாக்கி, பாத்திரம் தேய்க்கும் பாயி நாளைக்கு வருவாளா, ஊருக்குப் போக டிக்கெட் திறக்கும் நாள் எது என்று எல்லாம் அவள் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்கு ஷிப்டும் கிடையாது, ரிலீவரும் கிடையாது. "நீ சொன்னால் செய்ய மாட்டேனா?" என்கிறார் கணவர். நல்லவர்தான். ஆனால் நினைவு வைத்திருந்து சொல்வதுதானே பாதி வேலை!

செல்போன் வந்ததும் இந்தக் கண்ட்ரோல் அறை அம்மாவின் கைப்பைக்குள் புகுந்துகொண்டது. முன்பு ஆபீஸ் ஆபீஸோடு நின்றது. இப்போது ரசம் கொதிக்கும்போது மேலதிகாரியின் மெசேஜ் வருகிறது. ஆபீஸ் மீட்டிங்கின் நடுவே வகுப்பு ஆசிரியை அழைக்கிறார். இரவு பத்து மணிக்குப் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் "நாளைக்குப் பச்சைச் சட்டை" என்று செய்தி விழுகிறது. 2020-க்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் பெண்களின் பாடு தனி. சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருப்பவளிடம், "வீட்டில்தானே இருக்கிறாய், கூரியர்காரன் வந்தால் வாங்கி வை" என்பார்கள்.

மும்பைத் தாய்மாருக்குக் கொஞ்சமாவது சொந்த நேரம் கொடுத்த இயந்திரம் எது என்று கேட்டால், பாரபட்சம் என்று நீங்கள் சிரித்தாலும், லோக்கல் ரயில் என்பேன். 1992 மே 5 அன்று மேற்கு ரயில்வே சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையே மகளிர் மட்டும் செல்லும் லேடீஸ் ஸ்பெஷலை விட்டது. அந்த வண்டியிலும், மற்ற வண்டிகளின் பெண்கள் பெட்டியிலும், பட்டாணி உரிப்பவர்களும் கீரை ஆய்பவர்களும் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். வீட்டு வேலை அங்கும் துரத்துகிறது, உண்மைதான். ஆனாலும் பாடுவதும் தோழியிடம் மனம் விட்டுப் பேசுவதும் கண்ணை மூடிச் சாய்வதும் அங்கேதான். அந்த ஒரு மணி நேரம் அவள் யாருடைய அம்மாவும் இல்லை.

செல்போனையே குற்றம் சொல்வதும் சரியில்லை. இட்லிப் பொடி, முறுக்கு, ரவிக்கைத் தையல் என்று அதன் மூலம் ஆர்டர் எடுக்கும் சகோதரிகள் நம் சங்கக் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். திருநெல்வேலியில் இருக்கும் பாட்டியோடு பேரன் வீடியோவில் தமிழ் பேசுகிறான். அந்த அழைப்பைப் போட்டுக் கொடுப்பதும், ஞாயிற்றுக்கிழமை அவனைத் தமிழ் வகுப்புக்குக் கிளப்புவதும் கூட அம்மாவின் கணக்கில்தான் ஏறியிருக்கின்றன!

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. முறுக்கு விற்ற பணம் எந்தக் கணக்கில் விழுகிறது? அவளுடைய ஆதாரிலும் பாங்கிலும் பதிந்திருப்பது யாருடைய நம்பர்? பல வீடுகளில் கணவரின் நம்பர். ஓ.டி.பி. அவருக்குப் போகும். அவர் டூரில் இருந்தால் இவளுடைய பணத்தை இவளே எடுக்க முடியாது. பெண்ணின் தனித்துவம் என்று மேடையில் நீளமாகப் பேசுகிறோம். முதலில் அவள் பெயரில் ஒரு கணக்கு, அவள் கையில் இருக்கும் ஒரு நம்பர், அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு பாஸ்வேர்டு என்று இம்மூன்றையும் செய்து கொடுங்கள். ஒரு சனிக்கிழமைக் காலையில் முடிகிற காரியம்.

கணவன்மாருக்கு இன்னொன்று. உதவி செய்யாதீர்கள், சார்ஜ் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம், மருந்து மாத்திரை என்ற இரண்டு செக்ஷனை மட்டும் ஒரு மாதம் முழுதாக ஏற்றுப் பாருங்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் உங்கள் நம்பரைச் சேர்த்து, அவளுடைய நம்பரை எடுத்துவிட வேண்டும். அவளும் இடையில் ஞாபகப்படுத்தக் கூடாது. முதல் வாரம் பச்சைச் சட்டை தவறிப் போகும். போகட்டும், பிள்ளை வெள்ளைச் சட்டையில் போய்விட்டு வருவான்.