கோபத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு மூச்சு



தவணை கட்டுற நாள் காலையை நினைச்சுப் பாருங்க. கையில் இருநூறு ரூபாய் குறையுது. நெஞ்சு படபடக்குது, தலை கனக்குது. அந்த நேரம் பார்த்து பிள்ளை பென்சிலுக்குக் காசு கேட்குது. முதுகுல ஒண்ணு வைக்கிறோம். பென்சிலுக்கும் அந்த அடிக்கும் என்ன சம்பந்தம்?

விபாசனா என்ற தியானம் இந்த இடத்தைத்தான் கவனிக்கச் சொல்லுது. கோபமோ பயமோ வந்தால் உடம்பு உடனே காட்டிக் கொடுக்கும். மூச்சு வேகமாகும், முகம் சூடாகும். அதை அடக்கவும் வேண்டாம், அது சொன்னபடி ஆடவும் வேண்டாம். வருது, இருக்கு, போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். பழகப் பழக, கோபத்துக்கும் கைக்கும் நடுவில் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் யோசிக்கலாம்.

பர்மாவில் பிறந்த எஸ்.என். கோயங்கா 1969-ல் இந்தியா வந்து இதைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். புத்தர் காட்டிய வழி என்றாலும் எந்த மதத்தினரும் பழகலாம். 1994-ல் டெல்லி திகார் சிறையில் கிரண் பேடி பொறுப்பில் இருந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்து பழகினார்கள். 2014-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் தியானம் பற்றிய 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விபாசனா போல மனதைக் கவனிக்கிற பயிற்சிகளால் கவலை, மனச்சோர்வு, வலி ஓரளவு குறைவது தெரிந்தது. ஓரளவுதான், மாயமில்லை.

முறையாகக் கற்க 10 நாள் முகாமில் தங்கணும். சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கு. சாப்பாடு, தங்குமிடத்துக்குக் கட்டணம் இல்லை. விடியற்காலை 4 மணிக்கு எழணும், பேசக்கூடாது, செல்போன் கிடையாது. "பத்து நாளா? மாட்டை யார் பார்ப்பா?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். (வீட்டு ஆம்பளைங்க யாத்திரை போனா மட்டும் மாட்டை யாரோ பார்த்துக்கிறாங்க!)

போக முடியாதவங்க முதல் படியை மட்டும் வீட்டில் செய்யலாம். அடுப்பு பத்த வைக்கும் முன் பத்து நிமிஷம் உட்காருங்க. கண்ணை மூடி, மூக்கு வழியா மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிங்க. மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். மனசு ரேஷன் கடைக்கு ஓடும், திரும்பக் கூட்டி வாங்க. குழுக் கூட்டத்திலும் உள்கடன் பேச்சு எடுக்கும் முன் ஐந்து நிமிஷம் இப்படி உட்கார்ந்து பார்க்கலாம். கணக்குச் சண்டை நின்றுவிடாது. ஆனால் கணக்கைப் பற்றி மட்டும் சண்டை போடுவோம், மூணு வருஷம் முந்தி நடந்த கல்யாணத்துல சாப்பிடக் கூப்பிடாததை இழுக்க மாட்டோம்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்லணும். குடிச்சிட்டு வந்து அடிக்கிற புருஷனைப் பொறுத்துக்க இது மருந்தல்ல. அதற்கு 181-க்குப் போன் பண்ணுங்க. தூக்கமே இல்லை, சாகணும் போலத் தோணுதுன்னா 14416-ல் மனநல ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேட்காமல் முகாமுக்குப் போக வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.