ஒரு மடிக்கணினி, இரு இயங்குதளங்கள்

விண்டோஸ் உள்ள மடிக்கணினியில் லினக்ஸும் கற்க விரும்புகிறீர்களா? முதலில் நினைவகத்தின் அளவைப் பாருங்கள். மெய்நிகர் கணினி என்பது விண்டோஸுக்குள்ளேயே ஒரு சாளரத்தில் ஓடும் மற்றொரு கணினி எனலாம். இரண்டும் ஒரே சமயத்தில் இயங்குவதால் நினைவகத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 4 ஜிபி மட்டுமே இருந்தால் இரண்டும் தவழும். 16 ஜிபி என்றால் கவலையில்லை. இரட்டைத் துவக்கத்திலோ, கணினியை இயக்கும்போதே ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். முழு நினைவகமும் அதற்கே. ஆனால் வட்டைப் பிரிக்க வேண்டுமன்றோ? அப்போது தவறான பகுதியை அழித்துவிட்டால் மூன்றாண்டுப் பாடக்குறிப்புகளும் போய்விடும். மெய்நிகர் கணினி கெட்டாலோ, அதன் கோப்புகளை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். ஆகவே 8 ஜிபி இருந்தாலே, புதிதாகக் கற்பவருக்கு இதையே சொல்வேன். இரட்டைத் துவக்கந்தான் வேண்டுமெனில், முதலில் கோப்புகளை வெளிவட்டில் நகலெடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால், துவக்கமுறை மாறியதும் விண்டோஸ் மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அதையும் தாளில் எழுதி வையுங்கள்; 48 இலக்கங்கள், பொறுமையாக எழுதுங்கள்.