பையில் ஒரே ஒரு தோட்டா... ஏர்போர்ட்டில் சிக்கினால் என்ன ஆகும்?

அதிகாலை விமானம். அவசரத்தில் அப்பாவின் பழைய டிராவல் பேக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார் ஓர் ஐடி ஊழியர். ஸ்கேனரில் பை நிற்கிறது. ‘சார், இந்தப் பை உங்களோடதா?’ பக்கவாட்டு ஜிப்புக்குள் ஒரு துப்பாக்கித் தோட்டா.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், இதேபோன்ற செய்தி நம் விமான நிலையங்களிலிருந்து அடிக்கடி வருகிறது. நீதிமன்றம் வரை போன வழக்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விளக்கமும் ஒன்றுதான்: ‘பை வீட்ல வேற ஒருத்தரோடது, உள்ளே தோட்டா இருந்தது எனக்குத் தெரியாது.’

‘ஒண்ணுதானே’ என்று விடமாட்டார்களா?

விடமாட்டார்கள். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-வது பிரிவுப்படி துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும். ஒன்றா, நூறா என்ற கணக்கு அங்கே இல்லை. சிஐஎஸ்எஃப் வீரர்கள் பயணியை உள்ளூர் போலீஸிடம் ஒப்படைப்பார்கள். லைசென்ஸ் காட்ட முடியாவிட்டால் 25-வது பிரிவில் எஃப்ஐஆர் பதிவாகலாம். விமானம் போய்விடும், அது சின்ன நஷ்டம்.

சரி, ‘தெரியாது’ என்பது எடுபடுமா? எடுபடும், ஆனால் தாமதமாக. பொருள் தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதுதான் குற்றம் என்பதை 1972-ல் குன்வந்த் லால் வழக்கிலும், 1994-ல் சஞ்சய் தத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இதன் அடிப்படையில், துப்பாக்கியே இல்லாமல் ஒற்றைத் தோட்டாவோடு சிக்கியவர்கள் மீதான வழக்குகளை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்திருக்கின்றன.

அதற்கு முன் தடயவியல் அறிக்கை, வக்கீல், மனு என்று நாட்கள் ஓடிவிடும். கோர்ட்டில் கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கப்படலாம். ஆன்சைட் வாய்ப்புக்காகக் காத்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய தலைவலி வேண்டுமா?

தப்பு நடப்பது வீட்டில்

தோட்டா பைக்குள் தானாக ஏறுவதில்லை. ரைஃபிள் கிளப்புக்குக் கொண்டுபோன பையே அடுத்த வாரம் ஊருக்குப் போகும் பையாகவும் இருப்பதுதான் சிக்கலின் தொடக்கம். துப்பாக்கி பயிற்சிக்குத் தனிப் பை வைத்துக்கொள்வதும், திரும்பியதும் மிச்சத் தோட்டாக்களை எண்ணிப் பார்ப்பதும் பெரிய வேலை இல்லை.

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவர் ஆயுதத்தைப் பத்திரமாக வைத்திருப்பேன் என்று உறுதிமொழியும் தர வேண்டும். தோட்டா இல்லாத துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டாக்கள் வேறொரு பூட்டுக்குள், சாவி லைசென்ஸ்தாரரிடம் என்பதே பாதுகாப்பான முறை. புடவை அடுக்குக்கு அடியில் ஒளித்துவைப்பதற்குப் பேர் பாதுகாப்பு இல்லை. வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாத பீரோ எது?

தாத்தா காலமானபின் அவருடைய துப்பாக்கியும் தோட்டாவும் பரணிலேயே கிடப்பது இன்னொரு ஆபத்து. லைசென்ஸ் அவர் பெயரில் இருந்தது. வீட்டின் பெயரில் இல்லை. 21-வது பிரிவுப்படி அவற்றைத் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். பழைய தோட்டா என்று குப்பையில் போடுவதோ, தீயில் எறிவதோ கூடவே கூடாது. கையில் கிடைத்தால், குடையாமல், தட்டாமல் ஓரிடத்தில் வைத்துவிட்டு போலீஸுக்குச் சொல்லலாம்.

முறைப்படி கொண்டுபோக முடியாதா?

முடியும். துப்பாக்கி சுடும் வீரர்கள் போட்டிகளுக்கு அப்படித்தான் பறக்கிறார்கள். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லி, செக்-இன் கவுன்ட்டரில் லைசென்ஸைக் காட்ட வேண்டும். தோட்டா நீக்கிய துப்பாக்கி செக்-இன் லக்கேஜில்தான் போகும். தோட்டாக்கள் தனியே பேக் செய்யப்பட்டு, பொதுவாக ஒருவருக்கு 5 கிலோவுக்குள் இருக்க வேண்டும். கேபினுக்குள் ஒன்றுக்கும் அனுமதி இல்லை. போகும் மாநிலத்திலும் லைசென்ஸ் செல்லுமா என்பதை முதலில் பார்ப்பது நல்லது. தமிழ்நாட்டுக்கு மட்டும் கொடுத்த லைசென்ஸ் டெல்லியில் கைகொடுக்காது.

சுற்றுலாத் தலங்களில் விற்கும் தோட்டா வடிவ கீ-செயினும் ஸ்கேனரில் தோட்டாவாகத்தான் தெரியும். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்க.