பெட்ரோல் மேல் மிதக்கும் தண்ணீர்

எரியும் பெட்ரோலில் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் அடியில் போய்விடும். பெட்ரோல் மேலே மிதந்தபடி எரியும். தண்ணீர் ஓடும் பக்கமெல்லாம் தீயும் ஓடும். விமானங்களையும் எரிபொருளையும் ஒரே கப்பலில் சுமந்துசென்ற அமெரிக்கக் கடற்படைக்கு இது பெருங்கவலை. 1960களில் அதன் ஆராய்ச்சிக்கூடமும் 3எம் நிறுவனமும் சேர்ந்து, தண்ணீரைப் பெட்ரோலின் மேலேயே நிற்கவைத்தன.

எப்படி? தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வதால்தான் அது துளியாகத் திரள்கிறது. இந்தப் பிடிப்புதான் பரப்பு இழுவிசை. தண்ணீரில் அதன் அளவு மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். பெட்ரோலில் இருபது சொச்சம். இவர்கள் உருவாக்கிய தீயணைப்பு நுரைக் கரைசல் தண்ணீரின் இழுவிசையைப் பெட்ரோலுக்கும் கீழே இறக்கிவிட்டது. நுரையிலிருந்து கசியும் தண்ணீர் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் படர்ந்து, ஆவி மேலெழாமல் மூடிவிடுகிறது. இத்தனைக்கும் 100 லிட்டர் கலவையில் 97 லிட்டர் வெறும் தண்ணீர்தான்!

வித்தை செய்வது ஒரு மூலக்கூறு. அதன் தலை தண்ணீரை நாடும். வாலோ தண்ணீரோடும் சேராது, எண்ணெயோடும் சேராது. அந்த வால் ஒரு கார்பன் சங்கிலி. அதைச் சுற்றிலும் ஃபுளோரின் அணுக்கள். கரிம வேதியியலின் ஒற்றைப் பிணைப்புகளில் மிக வலியது கார்பன்–ஃபுளோரின் பிணைப்பு. தீயின் வெக்கையில் நின்று வேலை செய்ய இந்த உறுதி உதவியது. ஆனால் தீ அணைந்த பிறகும் அந்த உறுதி குறைவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் அந்த வாலைச் சிதைக்க முடிவதில்லை. பிஎஃப்ஏஎஸ் எனப்படும் இக்குடும்பத்துக்கு 'என்றும் அழியா வேதிப்பொருள்கள்' என்ற பட்டம் வந்தது இதனால்தான்.

சுவீடனின் ரோன்னபியில் விமானப்படைத் தளத்துத் தீயணைப்புப் பயிற்சிகளில் கொட்டிய நுரை நிலத்தடி நீரில் இறங்கியது. ஊரின் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்கு அந்த நீர்தான் குழாயில் வந்தது. நிறமில்லை, நாற்றமில்லை. 2013 டிசம்பரில் சோதித்தபோது லிட்டருக்கு 10,000 நானோகிராமுக்கும் மேல் பிஎஃப்ஏஎஸ் இருந்தது. நீரேற்று நிலையத்தை உடனே மூடினார்கள்.

குழாயை மூடிவிடலாம், உடம்பில் சேர்ந்ததை என்ன செய்வது? கொழுப்பு அமிலத்தின் சாயலில் இருப்பதால், ரத்தத்திலுள்ள அல்புமின் புரதம் இந்த மூலக்கூறைத் தன்னோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. சிறுநீரகமோ வடிகட்டியதில் பெரும்பங்கைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. ரோன்னபியில் 106 பேரைத் தொடர்ந்து சோதித்ததில், பிஎஃப்ஓஎஸ் என்ற வகை பாதியாகக் குறையவே சுமார் 3.4 ஆண்டு ஆனது. இக்குடும்பத்தின் சில வகைகளைக் கொலஸ்ட்ரால் உயர்வோடும், தடுப்பூசியின் பலன் குறைவதோடும் ஆய்வுகள் தொடர்புபடுத்துகின்றன. பிஎஃப்ஓஏ என்ற வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் வகைப்படுத்தியது.

குடிநீரில் எவ்வளவு இருக்கலாம்? பிஎஃப்ஓஎஸ், பிஎஃப்ஓஏ ஆகிய இரண்டு வகைகளுக்கும் அமெரிக்கா 2024இல் வகுத்த வரம்பு, ஒவ்வொன்றும் லிட்டருக்கு 4 நானோகிராம். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிராம், 25 கோடி லிட்டர் தண்ணீரை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஏற்றினால் இருபதாயிரம் லாரிக்கு மேல்!

புரதத்தில் ஒட்டுவதே வெளியேற்றவும் ஒரு வழி காட்டியது. ஆஸ்திரேலியாவில் 285 தீயணைப்புத் துறையினரிடம் நடத்திய சோதனையில், ஒரு பிரிவினர் ஓராண்டு, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா தானம் செய்தார்கள். அல்புமினோடு பிஎஃப்ஓஎஸ்ஸும் வெளியேறி, ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

இப்போது ஃபுளோரின் இல்லாத நுரைகள் வந்துவிட்டன. அவற்றில் நீர்ப்படலம் கிடையாது. குமிழிப் போர்வையே கெட்டியாக நின்று ஆவியை அடைக்க வேண்டும். ஆனால் தீயணைப்பு வண்டியில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றினால் போதாது. பழைய மூலக்கூறுகள் தொட்டியின் சுவரிலும் குழாய்களிலும் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் முழுதாகப் போவதில்லை. விட்ட மிச்சம் மெல்லக் கரைந்து புது நுரையிலும் கலந்துவிடுகிறது. அதனால் சுவரில் ஒட்டியதைப் பெயர்த்தெடுக்கத் தனிக் கரைசல்களைத் தயாரித்து, வண்டி வண்டியாகக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்.